1766319049: ஒரு பேரெண்ணின் சாட்சியம்

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி, அதனுடன் 1ஐக் கூட்டினால், வரும் தொகையும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருத்தல் வேண்டும். அந்த எண் எது? 61க்குப் பதிலாக 60ஐ வைத்தால் மிகச் சிறிய விடை 4. 62ஐ வைத்தால் 8. இடைப்பட்ட 61க்கோ மிகச் சிறிய விடையே 226153980 ஆகும். வரும் தொகை 1766319049இன் வர்க்கம்.

1657இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா இதே 61ஐத் தம் காலத்தவர்க்கு ஒரு சவாலாக விடுத்தார். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1150ஐ ஒட்டி எழுந்த 'பீஜகணிதம்' என்னும் நூலில் இரண்டாம் பாஸ்கரர் இவ்விரு எண்களையும் தந்துள்ளார். இருபத்திரண்டு கோடிக்கும் மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்து இவ்விடையை எட்டியிருக்க இயலாது. முறையொன்று கைவசம் இருந்தது என்பதற்கு எண்ணின் பருமையே சான்று.

அம்முறை ஒருவரால் ஒரே நாளில் உருவானதன்று. இரு தீர்வுகளை இணைத்து மூன்றாவதைப் பெறும் 'பாவனை' விதியை 628இல் பிரம்மகுப்தர் வகுத்தார். 'சக்கரவாளம்' எனப்படும் சுழல்முறையை ஜெயதேவர் அறிந்திருந்தார் என்பதை, 1073இல் உதயதிவாகரர் எழுதிய உரை காட்டுகிறது. பாஸ்கரர் இவ்விரண்டையும் சேர்த்துக் கையாண்டார்.

தொடக்கம் எளியது: 8² − 61 × 1² = 3. சக்கரவாளத்தின் ஒரே சுற்றில் இது 39² − 61 × 5² = −4 ஆகிறது. எஞ்சிய பணியைப் பாவனை முடிக்கிறது: 29718² − 61 × 3805² = −1. இத்தீர்வைத் தன்னோடே இணைத்தால், 2 × 29718 × 3805 = 226153980; 2 × 29718² + 1 = 1766319049. மாணவர் எவரும் தாளில் சரிபார்க்கலாம். முன்னதால் பின்னதை வகுத்தால் 61இன் வர்க்கமூலம் பதினேழு தசம இடங்கள் வரை துல்லியமாகக் கிடைக்கும்.

இச்சமன்பாட்டை ஆய்லர் தவறுதலாக ஆங்கிலேயரான பெல்லுக்கு உரியதாக்கினார், அப்பெயரே நிலைத்துவிட்டது. அப்பிழையைச் சுட்டுவோர் மற்றோர் உண்மையையும் உடன் கூறுதல் நேர்மை. விடை காண்பது வேறு. முறை ஒருபோதும் தவறாது என நிறுவுவது வேறு. வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் தீர்வு உண்டு என்பதை 1768இல் நிறுவியவர் லக்ராஞ்சு. சக்கரவாளம் எப்போதும் விடையில் சென்று முடியும் என்பதற்கான நிறுவல் பாஸ்கரரின் நூலில் இல்லை. அதனை 1929-30இல் அளித்தவர் மைசூரில் கணிதம் கற்பித்த ஏ.ஏ. கிருஷ்ணசுவாமி ஐயங்கார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜனின் தந்தை இவர். சக்கரவாளம் லக்ராஞ்சின் முறையினின்று வேறுபட்டது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார்.

எனவே 'முதலில் கண்டவர் யார்' என்னும் ஒற்றைக் கேள்வியில் இவ்வரலாறு அடங்குவதில்லை. விதி, சுழல்முறை, விடை, நிறுவல் ஆகியவை வெவ்வேறு காலத்தவரின் உழைப்பு. அவற்றுள் எது எவருடையது எனப் பிரித்தறிவதே கணித வரலாற்றாய்வின் கடமை.