அப்பாவின் பிரஷர் மாத்திரை

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இரத்த அழுத்தத்தை அந்த மொழியில் ‘தான்சியோன்’ என்பார்கள். இங்கே யாராவது ‘டென்ஷன்’ என்றால் எனக்கு இன்றும் அப்பாவின் பிரஷர்தான் ஞாபகம் வரும்.

அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு. 1960களின் நடுவில் டாக்டர் எழுதிக் கொடுத்தது ரிசர்பின் என்ற சின்ன மாத்திரை. பிரஷர் இறங்கியது. ஆனால் ஓயாமல் பேசும் மனிதர் திண்ணையில் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். “யாரோ செய்வினை வச்சுட்டாங்க” என்பாள் அம்மா. செய்வினை இல்லை, மாத்திரையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்ற முப்பது வருஷம் ஆயிற்று. அந்த மருந்து சிலருக்கு மனச்சோர்வைத் தருவதாக 1950களிலேயே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதன் பூர்வீகம் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர். (ரவுல்ஃபியா என்று அந்தச் செடியினத்துக்குப் பெயர் வைத்தவர் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. எங்கள் பள்ளியில் இதைச் சொல்லித் தரவில்லை!) பைத்தியத்துக்கும் பிரஷருக்கும் அந்த வேர் உதவும் என்று 1931ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டார் திரும்பிப் பார்த்தார்கள். 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. அதையும் குறை சொல்ல முடியாது. 1945ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த அன்று அவர் பிரஷர் 300/190. அவருக்கே கொடுக்க உருப்படியான மருந்து இல்லாத காலம் அது.

சர்க்கரைக்காரர் பாடு இன்னும் சங்கடம். 1958ல் வந்த தயசைடு என்ற நீர் பிரியும் மாத்திரை பிரஷரைக் குறைத்தது, சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றியது. சிறுநீரகத்தைக் காக்கவென்று தனியாக எதுவும் இல்லை. அப்பா 1971ல் சிறுநீரகம் கெட்டுத்தான் போனார்.

பிறகு நிஜப் பாம்பே உதவிக்கு வந்தது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தில் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டுபிடித்த பொருளை வழிகாட்டியாக வைத்து, அமெரிக்காவின் ஸ்குவிப் கம்பெனியில் குஷ்மனும் ஒண்டெட்டியும் 1975ல் காப்டோபிரில் செய்தார்கள். மாத்திரையில் விஷம் கிடையாது, பயப்பட வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதை அது தள்ளிப்போடுகிறது என்று 1993ல் தெரிந்தது. 2000ல் ‘ஹோப்’ என்ற ஆய்வு வெளிவந்தது. இதயநோயோ சர்க்கரையோ உள்ள 9,000க்கும் மேற்பட்டவர்களிடம், அதே குடும்பத்து ராமிப்ரில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சாவையும் குறைத்தது. இத்தனைக்கும் பிரஷர் இறங்கியது கொஞ்சம்தான்.

எனக்கும் சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். ராமிப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வந்தது. நானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னேன், லோசார்டானுக்கு மாற்றினார்.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபின் எங்கள் கேளம்பாக்கத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் பிரஷர் பார்த்துக்கொண்டே, “எப்படி இருக்கீங்க ஐயா?” என்று கேட்கும். நான் பேசிக்கொண்டே போவேன். பாவம், அதற்கு அடுத்த தெருவுக்குப் போகவேண்டும்.