ஒளியும் காந்தமும்

1845ஆம் ஆண்டு செப்டெம்பரில், இலண்டன் றோயல் நிறுவகத்தில் மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர், ஈயங் கலந்த கனத்த கண்ணாடித் துண்டொன்றை வலிய மின்காந்தத்தருகே வைத்து, அதனூடே ஒளியைச் செலுத்தினார். ஒளியின் அதிர்வுத் தளம் சற்றே திரும்பிற்று. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவுண்டெனல் அன்று தெளிவாயிற்று. சுவாலையின் நிறமாலைக் கோடுகளையும் காந்தம் மாற்றுமோ என 1862இல் அவர் தேடினார்; அவர்தம் கருவிகளுக்கு அஃது எட்டவில்லை. 1896இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரிற் சீமன் அதனைக் கண்டார். கைகூடாத அத்தேடலே பரடேயின் கூர்மதிக்கு மேலான சான்று எனல் தகும்.

2004இல் மான்செஸ்டரில் கைமும் நொவோசெலொவும் கிராபீனைப் பிரித்தெடுத்தனர். காபனின் ஓரணுத் தடிப்புள்ள ஏடு அது; பென்சிலின் உள்ளீடாகிய காரீயம் இத்தகைய ஏடுகளின் அடுக்கேயாம். பிரிக்க உதவியதோ வெறும் பசைநாடா! வெள்ளொளியில் ஏறத்தாழ 2.3 வீதத்தை ஓர் ஏடு உறிஞ்சுமென 2008இல் அளந்தறிந்தனர். ஓரணுத் தடிப்புக்கு இது பெருந்தொகை.

மின்புலத்தால் ஏட்டில் இலத்திரன்களைச் சேர்த்தால், ஒளி பெற்ற இலத்திரன் ஏறவேண்டிய சத்தி நிலைகள் முன்னரே நிரம்பிவிடுகின்றன. ஆதலின் சத்தி குறைந்த செங்கீழ் ஒளி பெரும்பாலும் உறிஞ்சப்படாது கடக்கிறது. காந்தப்புலத்தின் செயல் வேறு. அது சத்தி நிலைகளைத் தனித்தனிப் படிகளாக்குகிறது. படிக்குப் படி தாவுதற்கேற்ற ஒளியே உறிஞ்சப்படும். வழக்கமான குறைகடத்திகளில் படியிடைவெளி புலவலிமைக்கு நேர்விகிதமாகும்; கிராபீனிலோ அதன் வர்க்கமூலத்துக்கு. பிரான்சின் கிரெனோபிளில் 2006இல் இது காணப்பட்டது. 2011இல், பரடே கண்ட திருப்பமும் கிராபீனில் அளக்கப்பட்டது: அந்த ஓரணு ஏடு ஒளித்தளத்தைப் பல பாகைகள் திருப்பிற்று.