நரம்பும் தசையும் உரையாடிய வரலாறு



"உங்கள் குழந்தையின் மூளையில் புதிய இணைப்புகளை உருவாக்கித் தருகிறோம்" என்று கூறும் விளம்பரத் தாள்கள் பெற்றோரின் கைகளுக்கு அவ்வப்போது வந்து சேர்கின்றன. மின்பணியாளர் வந்து கம்பி இழுத்துக் கொடுப்பதைப் போன்ற தோற்றத்தை அவை தருகின்றன. நரம்பிணைப்பு உண்மையில் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிஞர்கள் கண்டறிந்த வரலாற்றை அறிந்தால், அத்தாள்களை நாமே எடைபோடலாம். அவ்வரலாறு நம் பினாங்கையும் தொட்டுச் செல்கிறது.

வளரும் நரம்பு, தான் சேரவேண்டிய இடத்தை எப்படி அறிகிறது? இரசாயனப் பொருள்களே அதை ஈர்த்து வழிநடத்துகின்றன என்று 1892-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் கருதினார். 1895-இல் இங்கிலாந்தின் ஜான் லாங்லி, பூனையின் கழுத்துப் பகுதிக்குச் செல்லும் நரம்பிழைகளை வெட்டி, அவை மீண்டும் வளர்வதைக் கவனித்தார். கண்மணியை விரியச் செய்யும் இழைகளும் காதின் குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் இழைகளும் தத்தம் பழைய இடத்தையே தேடிச் சேர்ந்தன. இரு உயிரணுக்களுக்கிடையே இரசாயன உறவு இருந்தாலன்றி இது நிகழாது என்பது அவருடைய முடிவு.

1940களில் அமெரிக்கர் ரோஜர் ஸ்பெரி தவளை இனங்களில் கண் நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்து மூளையில் தன் பழைய இடங்களையே அடைந்தது. அதனால் மேலே உள்ள பூச்சியைப் பிடிக்கத் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை தவறினாலும் திருந்தவில்லை. ஒவ்வோர் இழைக்கும் இரசாயன அடையாளம் உண்டு என்ற கொள்கையை அவர் 1963-இல் விரிவாக வெளியிட்டார்.

சரியான இடத்தை அடைந்த பிறகு என்ன நடக்கிறது? இதற்கான விடை நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் முதலில் தெளிவாகக் கிடைத்தது. அங்கே நரம்பின் நுனி அசெட்டைல்கோலின் என்னும் பொருளை வெளியிடுகிறது. தசையின் மேலுள்ள ஏற்பிகள் அதனைப் பெற, தசை சுருங்குகிறது. 1963-இல் தைவானின் சாங், லீ ஆகியோர் கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து, இந்த ஏற்பிகளை இறுகப் பற்றும் ஒரு நஞ்சைப் பிரித்தெடுத்தனர். ஏற்பிகள் எங்கே குவிந்துள்ளன என்பதைக் காண அதுவே கருவியாயிற்று.

1979-இல் ஜாக் மெக்மஹான் குழுவினர் தவளையின் நரம்பையும் தசையையும் அழித்து, தசையைச் சுற்றியிருந்த மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்தனர். புதிய தசை வளர்ந்தபோது, நரம்பு இல்லாமலே பழைய இணைப்பிடத்தில் ஏற்பிகள் குவிந்தன. ஏதோ ஒரு பொருள் அவ்வுறையில் செய்தியாகத் தங்கியிருந்தது! மின்திருக்கை மீனின் மின்னுறுப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் புரதம், 1987-இல் 'அக்ரின்' என்று பெயர் பெற்றது. அக்ரின் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிக்குட்டிகள் உயிர் பிழைக்கவில்லை என்பது 1996-இல் தெரியவந்தது.

அப்படியானால் நரம்பு கட்டளையிட, தசை கீழ்ப்படிகிறதா? இல்லை. நரம்பு வந்து சேருமுன்பே தசை தன் நடுப்பகுதியில் ஏற்பிகளைத் திரட்டத் தொடங்கிவிடுகிறது என்று 2001-இல் கண்டனர். அக்ரினைப் பெற்றுக்கொள்ளும் தசைப் புரதம் 2008-இல் அடையாளம் காணப்பட்டது. அதே புரதம் நரம்புக்கு மறுமொழியும் அனுப்பி, அதன் நுனியை இணைப்பிடமாக மாறச் செய்கிறது என்பது 2012-இல் புலனாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜுருவிலிருந்து பாலம் கடந்து தீவுக்குச் சென்றால், பாயான் லெப்பாஸில் பாம்புக் கோயில் உள்ளது. அங்கே கிளைகளில் அசையாது சுருண்டு கிடக்கும் பாம்புகள் வாக்லர் குழிவிரியன் இனத்தவை. அந்த இனத்தின் நஞ்சில் உள்ள 'வாக்லரின்' என்னும் பொருளின் ஒரு வகை 22 அமினோ அமிலங்களே கொண்டது. கருவிலுள்ள தசையின் ஏற்பி வேறு, வளர்ந்த தசையின் ஏற்பி வேறு என்பதை 1986-இல் மிஷினா, சாக்மன் முதலியோர் காட்டியிருந்தனர். எலிகளில் வாக்லரின் வளர்ந்த வகையை மட்டுமே தடுக்கிறது என்று 1999-இல் நிறுவப்பட்டது. இணைப்பு முதிர்ந்துவிட்டதா என்பதை நஞ்சே பிரித்துக் காட்டியது! மனித ஏற்பியை அது மிகக் குறைவாகவே பற்றுகிறது. ஆயினும் அப்பாம்பின் கடி ஆபத்தானதே. சுற்றுலா செல்லும் மாணவரிடம் இதை வலியுறுத்துங்கள்.

இன்னொரு செய்தியும் நம் கவனத்துக்குரியது. பிறந்த எலிக்குட்டியில் ஒவ்வொரு தசையிழையிலும் பல நரம்பு நுனிகள் இணைந்திருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள், அவற்றின் செயற்பாட்டுக்கேற்ப, ஒன்று நிலைக்க மற்றவை விலகுகின்றன. இணைப்புகள் பெருகுவது மட்டுமே வளர்ச்சி அன்று, குறைவதும் வளர்ச்சியே.

மூளைக்குள் செயற்படும் பொருள்கள் வேறு. அங்குள்ள இணைப்புகள் இன்னும் சிக்கலானவை. எனினும் இரு உயிரணுக்கள் செய்தி பரிமாறியே இணைகின்றன என்பது அங்கும் பொருந்தும். எனவே இணைப்புகளின் எண்ணிக்கையைக் காட்டி விற்கப்படும் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், "இதை எவ்வாறு அளந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு வீட்டில் மறுமொழி சொல்லவோ பணம் தேவையில்லை.