பல்லிடுக்கில் தங்கிய பஞ்சு

தையல் மெசினின் வரலாறு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் சிங்கர். சற்று வாசித்தவர்கள் எலியாஸ் ஹோவையும் சேர்த்துக்கொள்வர். ஊசித் தகட்டின் ஸ்குறூவைக் கழற்றிப் பஞ்செடுப்பவர்களோ மூன்றாவதாக இன்னொருவரையும் அறிந்திருக்க வேண்டும்.

தகட்டின் கீழே, துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில், நூலிலும் துணியிலும் உதிர்ந்த பஞ்சு சேர்கின்றது. எண்ணெயில் ஊறி நாளடைவில் கம்பளித் துண்டு போல இறுகிவிடுகின்றது. பிறகு பல் முழுதாக மேலெழாது. தையல் குறுகி, ஒரே இடத்தில் விழத் தொடங்கும். பொபின் கூட்டைச் சுற்றியும் இதே கதைதான். இரும்புக்கு விட்ட எண்ணெயைப் பஞ்சே குடித்துவிடும்.

பஞ்சு தங்கும் இவ்விரு இடங்களும் அலன் பி. வில்சன் என்ற அமெரிக்கத் தளபாடத் தச்சரின் சிந்தனையில் உதித்தவை. 1846இல் ஹோவ் காப்புரிமை பெற்ற மெசினில் துணியை ஒரு தகட்டின் கூர்முனைகளில் குத்திச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். தகட்டின் நீளம் முடிந்ததும் நிறுத்தி, மறுபடியும் குத்த வேண்டும். வளைவுக்கு அங்கு இடமில்லை. 1854இல் வில்சன் காப்புரிமை பெற்ற பல்லோ மேலெழுந்து துணியைப் பிடிக்கும், நகர்த்தும், கீழிறங்கும், வெறுமனே பழைய இடத்துக்குத் திரும்பும். சட்டையின் கழுத்து வளைவு மெசினுக்கு வசப்பட்டது இந்த நான்கு அசைவுகளால்தான். சுழலும் கொக்கிக்கான உரிமையை அவர் பெற்றது 1851 ஓகஸ்ட் 12ஆம் திகதி. சிங்கரின் புகழ்பெற்ற காப்புரிமையும் அதே நாளில்தான் வழங்கப்பட்டது!

புகழ் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. 1856இல் வில்சனின் பெயர் தாங்கிய கம்பனி உள்ளிட்ட தரப்பினர் காப்புரிமைகளை ஒன்றுதிரட்டிக் கூட்டணி அமைத்தனர். வில்சனோ 1874இல் தமது உரிமைக் காலத்தை மீண்டும் நீடிக்குமாறு அமெரிக்கக் காங்கிரஸிடம் மனுச்செய்தார், அது பலிக்கவில்லை. கூட்டணியின் காலம் முடிந்தது 1877இல். சிங்கர் கம்பனி இலங்கையில் கால்பதித்ததும் அவ்வாண்டிலேயே. தவணைமுறை விற்பனையை அது அமெரிக்காவில் முன்னரே பழக்கியிருந்தது. நம் நாட்டில் வாடகைக்கொள்வனவு எத்தனை வீடுகளுக்கு மெசினைக் கொண்டுவந்தது என்பதை மூத்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

காப்புரிமை வழக்குகளைப் பக்கம் பக்கமாக எழுதுகின்ற வரலாற்றாசிரியர்கள் பஞ்செடுத்தவளுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெருநாளுக்கு முந்திய இரவுகளில் அயலாரின் சட்டைகளையும் தைத்து அடுப்பெரித்த பெண்களின் கைகளில்தான் அந்த மெசின்கள் தலைமுறை தாண்டி ஓடின. அவர்களுக்குக் கோழியிறகே தூரிகை, கொண்டை ஊசியே கருவி. இறுகிய பஞ்சை வாயால் ஊதமாட்டார்கள். ஊதினால் அது இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரமும் சேரும். இன்று டப்பாவில் அடைத்த காற்றைப் பீய்ச்சுவோர் செய்வதும் அந்த ஊதலைத்தான். பஞ்சை வெளியே இழுத்தெடுத்து, பழைய துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதலில் கழிவுத் துணியொன்றில் தைத்துப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கறை படியாத பிறகே பெருநாள் துணி ஊசியின் கீழ் போகும்.