சங்கத்தின் சொல்லுக்கு வலிமை தருவது எது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஜினாலயத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களை ஒழுங்குபடுத்தும் பணி எனக்கு வாய்த்தது. பக்கந்தோறும் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்னும் தொடரே கண்ணிற்பட்டது. அக்கூட்டங்கள் சிலவற்றில் நானும் இருந்தவன். மாற்றுக் கருத்துரைத்து, மனம் வருந்தி எழுந்து சென்ற பெரியவர் ஒருவரை நன்கு அறிவேன். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்திற்கும் வந்ததில்லை. அவர் சொன்னது சரியா, தவறா என்று இன்று எவராலும் ஆராய இயலாது. ஏனெனில் அது எழுதப்படவேயில்லை.

சமயச் சான்றோர் கூடி எடுக்கும் முடிவு மற்றவரைக் கட்டுப்படுத்துவது எந்த உரிமையால்? இவ்வினாவை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டுள்ளனர்.

மகத நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் நேர்ந்தது. முனிவர் பலர் மறைந்தனர். எஞ்சியோரும் பல திசைகளிற் சிதறினர். பஞ்சம் நீங்கியபின் பாடலிபுத்திரத்திற் கூடிய முனிவர்கள், தத்தம் நினைவில் நின்றவற்றைச் சேர்த்துப் பதினோர் அங்கங்களைத் தொகுத்தனர் என்பது சுவேதாம்பர மரபு. பன்னிரண்டாம் அங்கமாகிய திருட்டிவாதத்தை முழுதும் அறிந்தவர் பத்திரபாகு முனிவர் ஒருவரே. அவர் அப்போது நேபாளத்தில் அருந்தியானத்தில் இருந்தார். சங்கம் அழைத்தும் அவர் வர இசையவில்லை. மீண்டும் தூது சென்ற முனிவர்கள், சங்கத்தின் ஆணையை மீறுவோர்க்குரிய தண்டனை யாதென அவரையே வினவினர். சங்கத்தினின்று விலக்குதலே தண்டனை என அவர் விடையிறுத்தார். தாம் உரைத்த விதி தமக்கும் உரியதே என உணர்ந்து, கற்கத் தகுந்தோரை அனுப்பினால் நாள்தோறும் ஏழு பாடம் சொல்வதாக இசைந்தார். சங்கமும் அதனை ஏற்றது. பலர் சென்றனர், இறுதிவரை நிலைத்துக் கற்றவர் தூலபத்திரர் ஒருவரே. ஹேமசந்திரர் தம் பரிசிட்டபர்வத்தில் இவ்வரலாற்றை விரித்துரைக்கின்றார்.

சங்கத்திடம் படையில்லை, அரசனின் ஆணையும் இல்லை. மிக்க அறிவுடையோரும் விதிக்கு உட்பட்டவரே என்னும் ஒப்புதலே அதன் வலிமை. அதே வேளையில், அவரது தியானத்திற்கு இடையூறின்றிப் பாடம் கேட்கவும் சங்கம் உடன்பட்டது. ஆணையிட்டவரும் ஒருபடி இறங்கி வந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் அச்சபையின் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தவில்லை. பத்திரபாகு முனிவர் பஞ்சத்தை முன்னறிந்து, சந்திரகுப்தர் உடன்வர, சங்கத்தைத் தெற்கே அழைத்து வந்தார் என்பது நம் திகம்பர மரபு. முனிவர் முன்னறிந்துரைத்த பன்னீராண்டுத் துன்பத்தையும், சங்கம் வடக்கினின்று தெற்கு நோக்கி வந்ததையும் சிரவணபெளகொளச் சந்திரகிரியில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 600ஆம் ஆண்டினதாகிய கல்வெட்டு குறிக்கின்றது. வடக்கே தொகுத்த அங்கங்களை நம் மரபினர் ஏற்கவில்லை. கூடியிருந்தோர் எத்துணைப் பெரியோராயினும், கூடாதோரின் இசைவை அவர்களால் தாமே எழுதிக்கொள்ள இயலவில்லை.

சுவேதாம்பரர் வரலாற்றிலேயே இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒரே காலத்தில் மதுராவில் கந்திலர் தலைமையிலும், வலபியில் நாகார்ச்சுனர் தலைமையிலும் இரு சபைகள் கூடின. இரு தலைவரும் சந்தித்து வேறுபாடுகளைக் களையவில்லை. ஆதலின் பாடங்கள் இருவேறாக நின்றன. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வலபியிற் கூடிய சபைக்குத் தேவர்த்திகணி தலைமை தாங்கினார். ஒரு பாடத்தைக் கொண்டு மற்றொன்றை அழித்துவிட அவர் முற்படவில்லை. மதுராப் பாடத்தை அடிப்படையாகக் கொண்டு, நாகார்ச்சுனர் வழியினர் வேறாக ஓதும் இடங்களையும் குறித்து வைத்தார். வீரநிர்வாணத்திற்குப்பின் கழிந்த ஆண்டுகள் 980 என்றும், வேறு பாடத்தின்படி 993 என்றும் கற்பசூத்திரத்தில் இரண்டும் நிற்கின்றன. பதின்மூன்று ஆண்டு வேறுபாட்டையும் மறைக்காமல் விட்ட அந்த நேர்மை வியத்தற்குரியது. அத்தொகுப்பு நமக்கு ஆகமம் அன்று. ஆயினும் அத்தொகுப்பு முறை நமக்கும் பாடமாகும்.

நம் மரபில் சுருத பஞ்சமியன்று நினைவுகூரும் வரலாறும் இத்தகையதே. கிரிநகரின் சந்திரக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம்மொடு சுருதஞானம் மறைந்துவிடுமோ என அஞ்சினார். மகிமா நகரிற் கூடியிருந்த தென்னாட்டு ஆசாரியர்க்கு ஓலை விடுத்தார். அவர்கள் தகுதி ஆய்ந்து இருவரைத் தேர்ந்தனுப்பினர். தரசேனரோ சபை தேர்ந்தது என்பதனாலேயே அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவர்க்கு ஓர் எழுத்து மிகுந்தும், மற்றவர்க்கு ஓர் எழுத்துக் குறைந்தும் மந்திரங்களை அளித்துச் சோதித்தார். இருவரும் பிழையைத் தாமே உணர்ந்து திருத்தி ஓதினர். கொடுத்தவர் ஆசாரியராயினும் பிழை பிழையே எனக் கண்டவர்க்கே அவர் ஞானத்தை வழங்கினார். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும். அவர்கள் இயற்றியதே ஷட்கண்டாகமம். கல்வி முடித்தபின் பூதபலி தமிழ்நாட்டிற்கு எழுந்தருளினார் எனத் தவள உரை கூறுவது நமக்குப் பெருமை தருவதாகும்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்போம். பூச்சியபாதரின் மாணாக்கர் வச்சிரநந்தி, விக்கிரம ஆண்டு 526இல் (ஏறத்தாழ கி.பி. 470) தென்மதுரையில் திராவிட சங்கத்தைத் தோற்றுவித்தார் எனத் தேவசேனர் தம் தரிசனசாரத்திற் கூறுகின்றார். அவர் அதனைப் புகழ்ந்துரைக்கவில்லை. நெறி பிறழ்ந்த சங்கங்களுள் ஒன்றாகவே வைத்தார். அந்நூல் எழுந்தது கி.பி. 933இல். ஒரு நூற்றாண்டு கழியுமுன், கி.பி. 1025இல் பார்சுவநாத சரிதத்தை நிறைவு செய்தவர் வாதிராசர். அப்பெரும்புலவர் திராவிட சங்கத்தைச் சார்ந்தவரே. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளும் அச்சங்கத்து ஆசாரியரைப் போற்றுகின்றன. ஒருவர் எழுதிய தீர்ப்பைவிட, அச்சங்கத்தாரின் கல்வியும் ஒழுக்கமும் மக்களிடம் மிகுதியாக எடுபட்டன.

இவற்றால் நாம் அறிவன சில. சபையின் உரிமை, அதன் உறுப்பினர் தாமும் விதிக்குக் கட்டுப்படுவதிற் பிறக்கின்றது. வராதவரின் இசைவால் வளர்கின்றது. மாற்றுப் பாடத்தையும் பதிந்து வைக்கும் நேர்மையால் நிலைக்கின்றது. அநேகாந்தத்தை உலகிற்கு உரைத்த நாம், நம் கூட்டத்தில் ஒரு மாற்றுச் சொல்லை எழுத ஏன் தயங்க வேண்டும்?

குடமுழுக்கு நாள் குறித்தல், நிலக் குத்தகை, பூசை முறை என நம் ஊர்ச் சபைகள் முடிவு செய்பவை பலவாகும். வேலையின் பொருட்டுப் பலரும் வெளியூர்களில் வாழும் இக்காலத்தில், அவர்தம் கருத்தை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. உடன்படாதார் கூற்றையும் அவர்தம் பெயருடன் இரண்டு வரியேனும் எழுதி வைப்போம். முடிவு பெரும்பான்மையோருடையதாகவே இருக்கட்டும். ஏடு அனைவருக்கும் உரியதாகட்டும்.

எழுந்து சென்ற அப்பெரியவர் இன்றில்லை. அவருடைய இரண்டு வரிகள் எங்கள் தீர்மானப் புத்தகத்தில் இருந்திருப்பின், அவர் பேரப்பிள்ளைகளேனும் அதனைத் திறந்து பார்க்க வந்திருப்பர்.