மூட்டைக்கு இவ்வளவு

தேடல் ஓர் அரசாணையில் தொடங்கியது. 1921இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்தது. ஒரு சாதியின் பழைய பெயரை அரசுப் பதிவேடுகளில் எழுதாதே, ‘நாடார்’ என்றே எழுது என்கிறது ஆணை. (அந்தப் பழைய பெயர் வசையாகவே புழங்கியது, இங்கே எழுத மனம் வரவில்லை.) சர்க்காருக்குத் தானாக இந்த ஞானம் பிறந்திருக்காது. கேட்டு வாங்கியவர்கள் யார்?

முதல் விடை சுலபம். பொறையாறு இரத்தினசாமி நாடார் முன்னின்று 1910இல் அமைத்த நாடார் மகாஜன சங்கம். அதன் தலைவர்களுள் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் 1920இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். தி.நகர் பாண்டி பஜாரில் புடவை எடுக்கிற எத்தனை பேருக்கு அந்தப் ‘பாண்டி’ இவர்தான் என்று தெரியுமோ! இரத்தினசாமி பெரும் செல்வர். ஒரு பணக்காரரின் முயற்சி என்று குறித்துக்கொண்டு கோப்பை மூடியிருப்பேன்.

மூடவிடாமல் செய்தது ஒரு பழைய வழக்கு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் தடையை மீறி நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். விவேகானந்தர் சிகாகோ செல்ல ஊக்கம் தந்த அதே சேதுபதிதான். 1899இல் மதுரையில் நாடார்கள் தோற்றார்கள்; சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள்; விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கேயும் தோற்றார்கள்.

வழக்கு தொடங்கியபோது சங்கம் பிறக்கவேயில்லை. அப்படியானால் பதினொரு வருஷம் வக்கீல் செலவைத் தாங்கியது யார்? சட்ட அறிக்கைகளில் வாதம் இருக்கிறது, சாட்சியம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. யார் மடியிலிருந்து பணம் போனது என்பது மட்டும் இல்லை.

தடம் கிடைத்தது ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலில். அங்கே ‘மகமை’ என்ற ஒரு சொல்லில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து மாட்டு வண்டியில் சரக்கேற்றி வந்த நாடார் வியாபாரிகளுக்கு வழியெல்லாம் வழிப்பறி பயம். ராத்தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்கள். பேட்டையில் சரக்கை இறக்குகிறவர் அதன் பராமரிப்புக்குக் கொடுத்ததுதான் மகமை. வண்டிக்கு, மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. பிறகு அதுவே கடைக்காரர்கள் வியாபார அளவுக்கேற்பக் கட்டும் வரியானது. வசூலித்துக் கணக்கு வைத்தது உறவின்முறை என்ற அந்தந்த ஊர்ச் சாதிச் சபை.

பேட்டைச் சுவருக்கென்று பிரித்த காசு மெல்லச் சுவருக்கு வெளியே வந்தது. கிணறு, கோயில், வழக்கு, பள்ளிக்கூடம். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்ந்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்ட பெண்களின் பெயரை எந்தக் கோப்பிலும் தேட முடியாது. அந்தப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார்.

ஆக, 1910இல் சங்கம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. பணம் சேர்க்கவும் கட்டுப்பட்டு நிற்கவும் ஏற்கெனவே பழகிய ஊர்கள் அதன் பின்னால் இருந்தன. நீதிமன்றத்தில் மூன்று படியிலும் தோற்றவர்கள் வழியை மாற்றி, மனுவும் சட்டமன்றமும் என்று போனார்கள், அரசாணை வந்தது. அதே 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் திறந்தார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான்.

இதைப் பரோபகாரக் கதையாக மட்டும் எழுதிவிடக் கூடாது. உறவின்முறைக்கு அபராதம் போடவும் ஊர்விலக்கம் செய்யவும் அதிகாரம் இருந்தது. மகமையும் விருப்பப்பட்டால் போடுகிற உண்டியல் காசு அல்ல.

கடைசியாக விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்குப் போனேன். பட்டியலில் கூலி, தரகுக்குக் கீழே சின்னதாக மகமை.

“அண்ணாச்சி, இதைக் கட்டாயம் கொடுக்கணுமா?”

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். “கொடுக்காம? நாளைக்கு நம்ம வீட்டு நல்லது பொல்லாததுக்கு யாரு வருவா?”

அடுத்த மூட்டைக்குப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்.