ஒரு பவுண்டுக்கு விலைபோன கிளப்

இங்கே புனேயில் எங்கள் குடியிருப்புப் பையன்களில் பாதிப்பேர் மான்செஸ்டர் சட்டைதான். சிலர் சிவப்பு, சிலர் வெளிர்நீலம். என் மகன் நீலக் கட்சி. கிரிக்கெட்டோடு வளர்ந்த எனக்கு ஆஃப்சைடு இன்னமும் தகராறுதான். ஆனால் பாலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியும். அதனால் அந்தப் பெரிய கிளப்புகளை விட்டுவிட்டு, மான்செஸ்டருக்கு வடக்கே 12, 13 கிலோமீட்டரில் இருக்கும் பெரி என்ற ஊரின் கிளப்பைப் பற்றி எழுதுகிறேன்.

பெரி ஒரு பஞ்சாலை ஊர். 1733-ல் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்து நெசவை மாற்றிய ஜான் கே அந்தப் பக்கத்து ஆள்தான். 1885-ல் அங்கே இரண்டு சர்ச் அணிகள் சேர்ந்து ஒரே கிளப் ஆயின. கிக் லேன் மைதானத்தையும் அந்த வருடமே பிடித்துக்கொண்டார்கள். 1894-ல் ஃபுட்பால் லீக்கில் சேர்ந்து, இரண்டாம் டிவிஷனை முதல் வருடமே ஜெயித்து மேலே போனார்கள்.

1900-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. சவுதாம்ப்டனை 4-0 என்று தோற்கடித்தார்கள். 1903-ல் மறுபடியும் இறுதிப் போட்டி, லண்டன் கிரிஸ்டல் பேலஸில், 60 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். டெர்பி கவுண்டிக்கு 6-0! அந்த வருடக் கோப்பையில் பெரி ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த 6-0-ஐத் தொட இன்னொரு அணிக்கு 116 வருடம் ஆனது: 2019 மே 18-ல் வாட்ஃபோர்டுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டி. (நம் வீட்டு நீலக் கட்சி அன்று போட்ட ஆட்டத்தைக் கேட்க வேண்டாம்.)

1925-26-ல் முதல் டிவிஷனில் பெரிக்கு நாலாம் இடம். மான்செஸ்டர் யுனைடெட் அதற்குக் கீழே. சிட்டி அந்த வருடம் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கியது. மகனிடம் சொன்னபோது நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டான். ஆனால் 1929-ல் பெரியும் இறங்கியது. அதோடு முதல் டிவிஷன் முடிந்தது. பிறகு எழுபது, எண்பது வருடம் ஏற்ற இறக்கம்தான். நாலு டிவிஷனிலும் தலா 1000 கோல் அடித்த முதல் கிளப் என்று 2005-ல் பெயர் வாங்கினார்கள். அத்தனை முறை கீழே போனவர்களுக்குத்தான் அந்தச் சாதனை கிடைக்கும் :-)

2002-ல் பணமுடை வந்து திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. ரசிகர்கள் உண்டியல் குலுக்கி மீட்டார்கள். 2013-ல் கட்டடத் தொழில் செய்த ஸ்டூவர்ட் டே கிளப்பை வாங்கினார். வரவை மீறிய செலவு. மைதானத்தின் மேல் அடமானக் கடன். கார் நிறுத்தும் இடங்களைக்கூட முதலீட்டாளர்களுக்குத் துண்டு துண்டாக விற்றார்கள். கடன் மனுவில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் எந்த மேனேஜரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவருக்குக் கிளப் கைமாறியது. விலை ஒரு பவுண்டு.

ஒரு பவுண்டு என்றால் மலிவு என்று நினைக்காதீர்கள். கடனைத் தலையில் கட்டிக்கொள்வதுதான் உண்மையான விலை.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வராத அதே 2019 வசந்தத்தில் அந்த அணி இரண்டாம் இடம் பிடித்து மூன்றாம் நிலைக்கு ஏறியது. ஜூலையில் கடன் கொடுத்தவர்களோடு ஒரு சமரசம். இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி உண்டு: ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுசாகக் கொடுக்க வேண்டும். ஜாமீன் இல்லாமல் கடன் தந்த உள்ளூர்க் கடைக்காரருக்குப் பெரியில் பவுண்டுக்கு 25 பென்ஸ் என்று பேசினார்கள். எனக்கு இந்த விதியோடு ஒத்துப்போகவே முடியவில்லை. கோடிக்கணக்கில் புரளும் தொழிலில் அடி வாங்குவது இறைச்சி சப்ளை செய்தவரா?

பணம் எங்கிருந்து வரும் என்று லீக் ஆதாரம் கேட்டது, திருப்தியான பதில் வரவில்லை. ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. ஆகஸ்ட் 27 மாலை 5 மணி கெடு. வாங்க ஓர் ஆள் வருகிறார் என்று நம்பி, அன்று காலை ஊர்க்காரர்கள் துடைப்பமும் பக்கெட்டுமாகக் கிக் லேனில் கூடி இருக்கைகளைத் துடைத்தார்கள். வாங்க வந்தவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இரவு லீக்கிலிருந்து நீக்கம். 125 வருட உறுப்பினர். 1992-ல் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் போனதற்குப் பிறகு இப்படி வெளியே போன முதல் கிளப்.

கிளப் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது காகிதத்தில் நாலு வேறு சொத்து: கம்பெனி, மைதானம், லீக் உறுப்பினர் இடம், பெயர். ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றுதான். கம்பெனி கடனில் மூழ்கியது, மைதானம் அடமானத்தில், உறுப்பினர் இடம் பறிபோனது. கையில் மிஞ்சியவர்கள் ரசிகர்கள் மட்டும். ரசிகர்கள் எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் வருவதில்லையே!

அவர்களில் ஒரு பிரிவினர் பெரி ஏ.எஃப்.சி. என்று புதிதாகத் தொடங்கி, 2020-ல் பக்கத்து ராட்கிளிஃப் ஊர் மைதானத்தில் பத்தாம் படியிலிருந்து ஆடினார்கள். இன்னொரு பிரிவினர் 2022 பிப்ரவரியில், அரசு கொடுத்த 10 லட்சம் பவுண்டு உதவியோடு கிக் லேனையும் பழைய பெயரையும் மீட்டார்கள். ஆக ஒரு கோஷ்டியிடம் அணி, மறு கோஷ்டியிடம் மைதானம். ஒரே ஊர், ஒரே சோகம், இரண்டு சங்கம்! (வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.) 2022 அக்டோபரில் இணைப்புக்கு ஓட்டு வைத்தபோது, ஒரு பக்கத்தில் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைந்து கவிழ்ந்தது. 2023 மே மாதம் மறுபடி ஓட்டு, இந்த முறை இரண்டு பக்கமும் சம்மதம்.

அந்த வருடமே பெரி எஃப்.சி. என்ற பெயரில் கிக் லேனில் ஆடினார்கள், ஒன்பதாம் படியில். 2025-ல் அதை ஜெயித்து எட்டாம் படிக்கு ஏறினார்கள். 2019-ல் பறிபோன இடம் மூன்றாம் படி.